பின்னலாடைத் தொழில்மண்டலத்தில் ஆசிரியப் பணி நாடும் மாணவர்களுக்கான கல்விசார் வழிகாட்டல்: திருப்பூரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆசிரியராக விரும்பும் மாணவர்களுக்கான வழிகாட்டலும் ஆதரவுச் சேவையும் பொதுவாகக் கல்வியியல் கல்லூரியில் சேர்ந்த பின்னரே தொடங்குகின்றன. ஆனால் ஒருவர் எந்த நிலைப் பள்ளியில், எந்தப் பாடத்திற்கு ஆசிரியராகலாம் என்பதை முடிவுசெய்யும் தெரிவுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. படிக்கும் வயதிலேயே ஊதியம் ஈட்டத் தொடங்கும் இளைஞர் மிகுந்த திருப்பூர் வட்டாரத்தில் இந்த இடைவெளியின் விளைவு கடுமையானது. பாடத் தெரிவு, பயிற்றுமொழி, கல்வி வரிசை, பணிநேரம் ஆகிய நான்கையும் முன்வைத்து, வழிகாட்டல் இளநிலைப் பட்டப் படிப்பின் முதலாண்டிலேயே தொடங்கப்பட வேண்டும் என்பதையும், அது தொழிற்சாலையின் காலக் கணக்கை அறிந்து அமைய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் கல்வி, கல்விசார் வழிகாட்டல், திருப்பூர், பின்னலாடைத் தொழில், கற்பித்தல் பயிற்சி, தமிழ்வழிக் கல்வி.

1. முன்னுரை

கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பகுதிகளில் பின்னலாடையும் விசைத்தறியும், காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் வேளாண்மையும் அதைச் சார்ந்த தொழில்களும் வாழ்வாதாரமாக உள்ளன. ‘பனியன் கம்பெனி’ என மக்கள் வழக்கில் அழைக்கப்படும் பின்னலாடை நிறுவனங்கள், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞருக்கு உடனடியாக ஊதியம் தரும் இடங்களாக இருக்கின்றன. கைமடி, செக்கிங், பேக்கிங் முதலிய வேலைகளில் சேர்ந்து தையற்காரராக உயர்வதும், பின்னர் சிறு முதலாளியாக மாறுவதும் இவ்வூரில் அறியப்பட்ட பாதை. தொழிலாளராக இருந்தோர் முதலாளிகளான இவ்வரலாற்றைச் சராத் சாரி 2004இல் வெளியிட்ட ‘பிரேட்டர்னல் கேப்பிடல்’ என்னும் ஆய்வுநூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

உழைப்பே உயர்வு தரும் என்ற நம்பிக்கை வேரூன்றிய ஊரில், பட்டப் படிப்பு மூன்றாண்டு, கல்வியியல் படிப்பு இரண்டாண்டு, அதன்பின் தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு என நீளும் ஆசிரியப் பணிப் பாதையைத் தேர்வது குடும்பத்தின் பொருளாதாரத்தைப் பாதிக்கும் முடிவாகும். அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றும் கைவிடப்பட்ட கூலியால் அளக்கப்படுகின்றன. எனவே தவறான தகவலாலோ தகவலின்மையாலோ இரண்டாண்டு வீணாவதை இக்குடும்பங்களால் தாங்க இயல்வதில்லை. இதுவே இங்கு வழிகாட்டலின் தேவையைத் தீர்மானிக்கும் அடிப்படை.

2. வழிகாட்டல் பற்றிய கருத்துநிலைகள்

தமிழ் மரபில் ஆசிரியர், மாணாக்கர் ஆகிய இருவரின் இயல்பையும் வகுத்துரைத்த நூல்களுள் நன்னூல் முதன்மையானது. அதன் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பகுத்து, பாடம் சொல்லத் தகாதாரையும் சுட்டுகிறது. இது கல்வியின் வாயிலில் நின்று தகுதி பார்க்கும் முறை. இன்றைய பல்கலைக்கழகக் கல்வியில் வழிகாட்டல் இதற்கு மறுதலையான பணியைச் செய்கிறது. சேர்ந்தவரைத் தரம் பிரிக்காமல், அவர் தம் இலக்கை அடையத் தடையாக இருப்பவற்றை அறிந்து நீக்க முயல்கிறது.

மேலைநாட்டு உயர்கல்வி ஆய்வில் இத்துறைக்கு 1972 குறிப்பிடத்தக்க ஆண்டு. பர்ன்ஸ் குரூக்ஸ்டன் அவ்வாண்டு எழுதிய கட்டுரையில், விதிகளை எடுத்துக்கூறும் வழிகாட்டலையும் மாணவரின் வளர்ச்சியை நோக்கிய வழிகாட்டலையும் வேறுபடுத்தி, பின்னதைக் கற்பித்தலின் ஒரு வடிவமாகக் கண்டார். அதே ஆண்டில் டெரி ஓபேனியன் ஐந்து படிநிலைகளை முன்வைத்தார். வாழ்க்கை இலக்கை ஆராய்தல், தொழில் இலக்கை ஆராய்தல், படிப்பைத் தேர்தல், பாடங்களைத் தேர்தல், கால அட்டவணை அமைத்தல் என்பன அவை. இலக்கிலிருந்து தொடங்கிக் கால அட்டவணையில் முடியும் வரிசை இது.

திருப்பூர்ச் சூழலில் இவ்வரிசை இரண்டு இடங்களில் மாறுகிறது. முதலாவதாக, மூன்றாம் படியான படிப்புத் தெரிவு, வழிகாட்டுநர் எவரும் இல்லாத நிலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே நடந்துவிடுகிறது. இரண்டாவதாக, ஓபேனியன் இறுதியில் வைத்த கால அட்டவணையே இங்கு முதற் கேள்வியாகிறது. எந்த நேரத்தில் கல்லூரி, எந்த நேரத்தில் கம்பெனி என்பது தெளிவான பின்னரே இலக்கைப் பற்றிப் பேச முடிகிறது. குரூக்ஸ்டன் குறைவாக மதிப்பிட்ட விதி விளக்கமும் இங்குப் புறக்கணிக்கத்தக்கதன்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குச் சரியான விதியை உரிய காலத்தில் அறிவதே வளர்ச்சிக்கான முதல் வாய்ப்பு.

3. சேர்க்கைக்கு முன்பே முடிவாகும் தெரிவுகள்

ஆசிரியப் பணிக்கான தகுதியைப் பாதிக்கும் நான்கு முடிவுகள் கல்வியியல் கல்லூரியின் வாயிலை அடையும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

முதலாவது, பாடத் தெரிவு. தொழில் நகரமான திருப்பூரில் கணக்கர், ஏற்றுமதி ஆவணப் பணி ஆகியவற்றுக்கு உதவும் என்பதால் இளநிலை வணிகவியல் பலரும் விரும்பும் படிப்பாக உள்ளது. ஆனால் பள்ளியில் வணிகவியல் மேல்நிலை வகுப்புகளான 11, 12 ஆகியவற்றில் மட்டுமே தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அவ்வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியரே நியமிக்கப்படுகிறார். ஆகவே தமிழ்நாட்டின் இளங்கல்வியியல் சேர்க்கை விதிகளில் வணிகவியல், பொருளியல் முதலிய பாடத்தினர்க்கு முதுநிலைப் பட்டம் தேவைப்படுகிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வரலாறு போன்ற பாடத்தினர் இளநிலைப் பட்டத்துடன் சேரலாம். வணிகவியல் மாணவர் ஆசிரியராக மூன்றாண்டும் இரண்டாண்டும் போதா. இடையில் மேலும் இரண்டாண்டு வேண்டும். இதனை மூன்றாம் ஆண்டின் இறுதியில் அறிபவருக்கும் முதலாண்டில் அறிபவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னவர் ஏமாற்றத்துடன் விலகக்கூடும். பின்னவர் முதுநிலைக்குத் திட்டமிடலாம். பட்டத்தின் பெயர் பள்ளிப் பாடத்தின் பெயரோடு நேரடியாகப் பொருந்தாத படிப்புகளில், அப்பட்டம் இணையானது என்னும் அரசாணை உள்ளதா என்பதையும் முன்கூட்டியே அறிய வேண்டியுள்ளது.

இரண்டாவது, பயிற்றுமொழி. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பணிக்கு வரையறுக்கப்பட்ட கல்வித்தகுதிவரை எல்லா நிலைகளிலும் தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும். பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்த மாணவர் பட்டப் படிப்பிலோ கல்வியியல் படிப்பிலோ ஆங்கிலவழிக்கு மாறினால் இம்முன்னுரிமையை இழக்கிறார். ஆங்கிலவழியே வேலைவாய்ப்புத் தரும் என்ற பொதுவான எண்ணம் நிலவும் ஏற்றுமதி நகரில், ஆசிரியப் பணியை நாடுவோருக்கு இக்கணக்கு வேறாக அமைகிறது என்பதை எடுத்துச் சொல்ல ஆள் தேவை. மறுபுறம், அரசுப் பணித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் 2021ஆம் ஆண்டு ஆணையால் நடைமுறைக்கு வந்துள்ளதால், ஆங்கிலவழியில் பயின்றோரும் தமிழறிவைக் கைவிட இயலாது.

மூன்றாவது, எந்த நிலை ஆசிரியர் என்னும் தெரிவு. கல்வியியல் பட்டம் பெற்றோரும் தொடக்க வகுப்புகளில் பணிபுரியலாம் எனத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் வெளியிட்ட அறிவிக்கையை ஏற்க இயலாதென உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டு 11 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்க விரும்புவோருக்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பே உரிய வழி. மேல்நிலைப் பள்ளிப் படிப்பிற்குப் பின் இரண்டாண்டில் முடியும் இப்படிப்பு, நீண்டகாலம் ஊதியமின்றிப் படிக்க இயலாதவருக்குப் பொருத்தமானதாகவும் இருக்கலாம்.

நான்காவது, கல்வி வரிசை. பத்தாம் வகுப்புடன் வேலைக்குச் சென்ற இளைஞர், பன்னிரண்டாம் வகுப்பை விடுத்து நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற முயல்வதுண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் பெறாத பட்டம் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. கல்வியியல் சேர்க்கைக்கும் அவ்வரிசை தேவை. உழைத்துக்கொண்டே படித்த ஒருவர் பட்டம் கையில் வந்தபின் இதனை அறிவது, மிகப் பெரிய இழப்பு.

இந்நான்கும் அரசாணைகளிலும் சேர்க்கை வழிகாட்டி ஏடுகளிலும் உள்ளவையே. ஆனால் அவை ஒரே இடத்தில், ஒரே வேளையில் மாணவருக்குக் கிடைப்பதில்லை. நல்லாசிரியர் அல்லாதார்க்கு நன்னூல் கூறும் உவமைகளுள் ஒன்று பருத்திக் குண்டிகை. பஞ்சைச் சிறிது சிறிதாக அடைத்து, சிறிது சிறிதாகவே வெளியே எடுக்கக்கூடிய குடுக்கை அது. பருத்தியால் வாழும் ஊரில், கல்வி நிறுவனங்களின் தகவல் வழங்கல் முறைக்கு இவ்வுவமை பொருந்திவருகிறது.

4. பணிநேரமும் படிப்புநேரமும்

2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி இளங்கல்வியியல் படிப்பு 2015–16 முதல் இரண்டாண்டாக்கப்பட்டது. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாட்கள், வாரத்திற்குக் குறைந்தது 36 மணிநேரம், வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை, சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் நிறைவு என்பன அதன் விதிகள்.

திருப்பூரில் வேலை ‘ஷிப்ட்’ கணக்கில் அளக்கப்படுகிறது. எட்டு மணிநேரம் ஒரு ஷிப்ட். அவசர ஆர்டர் உள்ள காலத்தில் பன்னிரண்டு மணிநேரம் கொண்ட ஒன்றரை ஷிப்ட் வழக்கம். வாரத்திற்கு ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் என்றால் 72 மணிநேரம். அதனுடன் கல்லூரியின் 36 மணிநேரத்தைச் சேர்த்தால் 108. வாரத்தின் 168 மணிநேரத்தில் எஞ்சுவது 60. உறக்கம், உணவு, பயணம், வீட்டுவேலை, பாடக்குறிப்பு எழுதுதல் அனைத்தும் நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டரை மணிநேரத்திற்குள் அடங்க வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஒரு ஷிப்ட் என்ற அளவில் வேலை நின்றாலும் மொத்தம் 84 மணிநேரமாகிறது.

எனவே ‘வேலையை விட்டுவிட்டுப் படி’ என்னும் அறிவுரையும், ‘எப்படியாவது இரண்டையும் சமாளி’ என்னும் அறிவுரையும் பயனற்றவை. எந்த மாதங்களில் வகுப்புச் சுமை மிகுதி, எந்த வாரங்களில் வருகை தவறக் கூடாது, எந்த விடுமுறையில் முழுநேர வேலைக்குச் செல்லலாம் என்பதை மாணவருடன் அமர்ந்து ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பதே பயனுள்ள வழிகாட்டல். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனஸை எதிர்நோக்கி வேலையை விடாமல் தொடரும் கட்டாயம் தொழிலாளர் குடும்பங்களில் உண்டு. கல்லூரியின் உள்தேர்வுகள் அவ்வாரங்களில் வராதபடி அமைப்பதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

பொருளுதவியிலும் ஒரு முறிவு உள்ளது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டது. இவை முதற் பட்டம் அல்லது பட்டயம் முடியும்வரை துணைநிற்பவை. இளநிலைப் பட்டத்திற்குப் பின் கல்வியியல் படிப்பில் சேரும்போது, மாதந்தோறும் வந்த தொகை நின்று கட்டணம் கூடுகிறது. பட்டியலினத்தவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை போன்ற வாய்ப்புகளுக்கு எப்போது, எந்தச் சான்றுகளுடன் விண்ணப்பிப்பது என்பதைப் பட்டப் படிப்பின் இறுதிப் பருவத்திலேயே விளக்கினால் இம்முறிவின் தாக்கம் குறையும்.

5. நிறுவனங்களுக்கிடையே அறுபடும் தொடர்ச்சி

திருப்பூரின் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. கல்வியியல் கல்லூரிகள் 2008இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. பட்டயப் படிப்பும் பணியிடைப் பயிற்சியும் சார்ந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உடுமலைப்பேட்டையை அடுத்த திருமூர்த்தி நகரில் உள்ளது. பயிற்சிப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருகின்றன. ஒரு மாணவர் ஆசிரியராவதற்குள் வெவ்வேறு நிருவாகங்களைக் கடக்கிறார். ஆனால் அவரைப் பற்றிய அறிவு ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்வதில்லை. மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் மட்டுமே அவருடன் செல்கின்றன.

கலைக் கல்லூரிகளில் ‘டியூட்டர் – வார்டு’ எனப்படும் வழிகாட்டி ஆசிரியர் முறை உண்டு. தேசிய மதிப்பீடு மற்றும் தரநிர்ணயக் குழுவும் மாணவர் ஆதரவையும் முன்னேற்றத்தையும் தனி அளவுகோலாக வைத்துள்ளது. இதனால் பதிவேடுகள் உருவாகியுள்ளன. எனினும் வருகைக் குறைவையும் தேர்வுத் தோல்வியையும் குறிப்பதோடு பதிவேடு நின்றால், மாணவர் எந்தப் பணியை நாடுகிறார் என்பது அதில் இடம்பெறாது. கல்வியியல் கல்லூரியில் இருவாண்டு மாணவர் 200 பேருக்கு 16 முழுநேர ஆசிரியர் என்பது விதி. ஒருவருக்கு 12 அல்லது 13 மாணவர். இவ்விகிதம் நடைமுறையில் காக்கப்படுமாயின் தனிப்பட்ட வழிகாட்டல் இயலக்கூடியதே. கலைக் கல்லூரிகளில் இவ்வளவு நெருக்கமான விகிதம் அரிது. முக்கியமான தெரிவுகள் நிகழும் இடத்தில் வழிகாட்டுநர் குறைவு, தெரிவுகள் முடிந்தபின் வரும் இடத்தில் வழிகாட்டுநர் மிகுதி என்பதே இன்றைய அமைப்பின் முரண்.

6. கற்பித்தல் பயிற்சிக் காலம்

இரண்டாண்டுப் படிப்பில் பள்ளி சார்ந்த பயிற்சி 20 வாரங்கள். முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. வாரத்திற்கு ஐந்து நாள் எனக் கொண்டால் இரண்டாமாண்டுப் பயிற்சி 80 நாட்கள். 90 விழுக்காடு வருகைக்கு 72 நாட்கள் தேவை. தவறவிடக்கூடியவை 8 நாட்களே. படிப்பைக் கைவிடும் அச்சம் மிகும் காலமும் இதுவே.

ஆசிரியப் பணி தொடங்குவோரின் கவலைகளை ஆராய்ந்த பிரான்சிஸ் புல்லர் 1969இல், அவை தம்மைப் பற்றியவையாகத் தொடங்கிப் பின்னரே மாணவர் கற்றல் பற்றியவையாக மாறுகின்றன எனக் காட்டினார். ‘வகுப்பு என்னை ஏற்குமா’ என்று கவலையுறும் முதல் வாரங்களில் கற்பித்தல் நுட்பம் குறித்த விமரிசனம் பயன்தராது, துணிவூட்டலே தேவை. பின்னைய வாரங்களில் வெறும் பாராட்டு பயன்தராது. நுட்பமான திருத்தமே தேவை. ஆகவே மேற்பார்வையின் அளவைப் போலவே அதன் காலமும் முதன்மையானது.

திருப்பூர்ப் பள்ளிகளுக்கே உரிய மற்றொரு சவாலும் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் இங்குள்ள பள்ளிகளில் பயில்கின்றனர். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் 2006–07இல் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் குழந்தைக்குத் தமிழ் இரண்டாம் மொழி. ஆனால் தமிழ் கற்பித்தல் முறைப் பாடம் பெரிதும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வகுப்பை மனத்திற்கொண்டே அமைகிறது. எழுத்தறிமுகத்திற்கு முன் பேச்சுத் தமிழைப் பழக்குதல், ழகர, றகர ஒலிகளைத் தனியே பயிற்றுதல், இரட்டை வழக்கை உணர்த்துதல் ஆகியவற்றை மாணவ ஆசிரியர் தாமே கண்டறிய விடப்படுகிறார். மாணவர் தேர்ச்சி பெறாதபோது அதனைத் தம் தகுதிக் குறைவாகவும் கருதிவிடுகிறார். இதனைக் கற்பித்தல் சிக்கலாக இனங்காட்டுவதும் வழிகாட்டுநரின் பணியே. பனியன் கம்பெனியில் அம்மாநிலத்தவருடன் வேலைசெய்து, அவர்தம் மொழியைச் சிறிதளவு அறிந்த மாணவ ஆசிரியருக்கு அவ்வனுபவம் வகுப்பறையில் வலிமையாகும் என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும்.

7. செயல்முறைக்கான வடிவம்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு செயல்கள் பெறப்படுகின்றன.

அ) இளநிலை முதலாண்டின் இரண்டாம் பருவத்தில், பாடம், பயிற்றுமொழி, பள்ளிநிலை, கல்வி வரிசை ஆகிய நான்கையும் விளக்கும் ஓர் அமர்வும் தமிழில் ஒரு பக்கக் கையேடும். விதிகள் மாறுவதால் ஆண்டுதோறும் அது திருத்தப்பட வேண்டும். தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றோரும் நியமனத்திற்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்னும் 2018ஆம் ஆண்டு மாற்றமும் அதில் இடம்பெற வேண்டும்.

ஆ) மாணவரே கையில் வைத்திருந்து, கலைக் கல்லூரியிலிருந்து கல்வியியல் கல்லூரிக்கும் அங்கிருந்து பயிற்சிப் பள்ளிக்கும் எடுத்துச்செல்லும் வழிகாட்டல் ஏடு. குடும்ப வருவாய், வேலையிடம் போன்றவற்றை எழுதுவதும் விடுப்பதும் அவர் விருப்பம். அவை மதிப்பீட்டிற்குப் பயன்படுத்தப்படலாகாது.

இ) வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய ஞாயிறு காலை, மாலை நேரங்களில் ஆலோசனை. இதனை ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்த்தாலன்றி நெடுநாள் நடவாது.

ஈ) பயிற்சியின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதிக்குச் சற்று முன்னும் மாணவ ஆசிரியர், பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர், கல்லூரி மேற்பார்வையாளர் ஆகிய மூவரும் கூடும் சந்திப்பு.

வழிகாட்டலுக்கு எல்லையும் உண்டு. அது கூலிக்கு ஈடாகாது. உதவித்தொகையின் இடத்தை நிரப்பாது. ஆசிரியர் பணியிடங்களை உருவாக்காது. போட்டியின் கடுமையை மறைத்து நம்பிக்கை மட்டும் ஊட்டுவதும், கடுமையைக் காட்டி உழைக்கும் வீட்டு மாணவரை விலக்குவதும் ஒரே அளவிலான தவறுகள்.

8. முடிவுரை

ஆசிரியராக விரும்பும் திருப்பூர் மாணவர் பலர் இழக்க நேர்வது திறமைக் குறைவால் அன்று; உரிய விதியை உரிய காலத்தில் அறியாமையாலும், கல்லூரியின் காலக் கணக்கும் கம்பெனியின் காலக் கணக்கும் ஒன்றையொன்று அறியாமையாலும் ஆகும். வழிகாட்டலைக் கல்வியியல் கல்லூரியின் துணைச் சேவையாகக் கருதும் நிலை மாறி, கலைக் கல்லூரியின் முதலாண்டிலிருந்து பள்ளி வகுப்பறைவரை தொடரும் ஒரே பொறுப்பாக அது அமைய வேண்டும். ஷிப்ட் முறையையும் புலம்பெயர் தொழிலாளர் வாழ்வையும் நேரில் அறிந்த ஆசிரியர்கள் இவ்வட்டாரப் பள்ளிகளுக்குத் தேவைப்படுகின்றனர். அத்தகையோர் உருவாகக்கூடிய வீடுகளிலிருந்து வரும் மாணவரே இன்று பாதி வழியில் விலகும் இடரில் உள்ளனர். வணிகவியல் முதலாண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவிக்கு, ஆசிரியப் பணிக்கான தம் பாதை ஏழாண்டு என்பது அன்றே தெரிந்திருத்தல் இம்முயற்சியின் குறைந்தபட்ச அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.